மீட்டர் பெட்டிக்குள்ள ஒரு பட்டாளத்துக்காரர்

கேள்வி: பிள்ளைங்கள கூட்டிட்டு உதயகிரி கோட்டைக்கு போயிருந்தோம், டிலனாய் கல்லறைய பாத்துட்டு நிக்கும்போது கூட வந்த வயரிங் வேலை பாக்குற அண்ணன் சொல்றாரு, நம்ம மீட்டர் பெட்டிக்குள்ள டிரிப்பர்ல பேரு போட்டிருக்கே சீமென்ஸ், அவரும் இவரு மாதிரி பட்டாளத்துக்காரர்தான்னு. உள்ளதா, இல்ல சும்மா அடிச்சு விடுறாரா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: உள்ளதுதான்க்கா. வெர்னர் சீமென்ஸ், அப்ப ஜெர்மனி பக்கம் இருந்த பிரஷ்யாங்கிற நாட்டோட பீரங்கிப் படையில லெப்டினன்ட். ஆனா டிலனாய் கதைக்கு அப்படியே தலைகீழ். டிலனாய் டச்சுக்காரங்க பக்கம் நின்னு 1741 குளச்சல் சண்டையில பிடிபட்டு, பிறகு ஜெயிச்ச திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா படைக்கே தளபதியாகி, நீங்க பாத்த அதே கோட்டைக்குள்ள பீரங்கி வார்க்க உலை போட்டாரு, 1777ல சாகுற வரைக்கும் படைதான் அவருக்கு எல்லாம். சீமென்ஸ் படையில சேந்ததே படிக்கிறதுக்கு.

1816ல ஹானோவர் பக்கத்துல லெந்தேங்கிற ஊர்ல பிறந்தவரு, அப்பா நிலத்த பாட்டத்துக்கு எடுத்து விவசாயம், மொத்தம் 14 பிள்ளைங்க, இவரு நாலாவது. இன்ஜினியரிங் படிக்கணும்னு ஆசை, பீஸ் கட்ட வழியில்ல. பிரஷ்யா படையில சேந்தா பெர்லின்ல இருக்குற பீரங்கி, பொறியியல் பள்ளியில மூணு வருஷம் படிக்கலாம்னு யாரோ சொல்ல, கிளம்பிட்டாரு. நம்ம மாவட்டத்துலயும் இந்த கணக்கு போட்டு பட்டாளத்துக்கு போனவங்க எத்தன வீட்டுல இருக்காங்க, அதனால உங்களுக்கு இத விளக்கவே வேண்டாம். மாக்டபர்க்ல பீரங்கிப் பிரிவுல எடுத்துக்கிட்டாங்க, 1835லேர்ந்து 1838 வரைக்கும் பெர்லின்ல படிப்பு. கணக்கு சொல்லிக்கொடுத்தவரு மார்ட்டின் ஓம், பிளஸ் டூவுல படிச்சோமே ஓம் விதி, அந்த ஓமோட தம்பி. இயற்பியலுக்கு மாக்னஸ். இந்த மாக்னஸ் பேர ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வருவாரு.

படிப்பு முடிஞ்ச கொஞ்ச நாள்ல, 1839ல அம்மாவும் 1840ல அப்பாவும் போயிட்டாங்க. கீழ உள்ள தம்பி தங்கச்சிங்க பாரம் பூரா லெப்டினன்ட் சம்பளத்துல வந்து விழுந்துட்டு. பெரிய ஆளுங்க கதையில எல்லாரும் மூளையத்தான் பேசுவாங்க, எனக்கென்னமோ இந்த ஆள விரட்டினது வீட்டுக் கஷ்டம்னுதான் தோணுது.

கேள்வி: சீமென்ஸ் ஜெயில்ல இருந்துக்கிட்டே கண்டுபிடிச்சாருன்னு எங்க சார் சொன்னாங்க, என்ன தப்பு செஞ்சாரு?
– ஒரு மாணவர், நாகர்கோவில்

பதில்: தம்பி, ஒரு துவந்த சண்டைக்கு துணையாளா நின்னாரு, அவ்வளவுதான். ரெண்டு ஆபீசர்ங்க மோதிக்கிட்டாங்க, இவரு நண்பன் பக்கம் நின்னாரு. சட்டப்படி அஞ்சு வருஷம் கோட்டைச் சிறை. மாக்டபர்க் கோட்டையில போட்டாங்க. இவரு மருந்துக்கடைக்காரர் ஒருத்தர பிடிச்சு கெமிக்கல் எல்லாம் உள்ள வரவழைச்சு அறையவே லேபு ஆக்கிட்டாரு. ஜெர்மன் சில்வர் டீ ஸ்பூன் ஒண்ண தங்கக் கரைசல் கிளாசுக்குள்ள விட்டு பேட்டரியோட துத்தநாக முனையில கோத்தா, கொஞ்ச நிமிஷத்துல ஸ்பூன் மஞ்சளா தகதகன்னு ஆயிட்டு. கவரிங் நகைக்கு முலாம் போடுறது பாத்திருப்பியே, அதே சங்கதி. இதுல வேடிக்கை என்னன்னா ஒரு மாசத்துலயே மன்னிப்பு வந்துட்டு, இவருக்கு வேலை பாதியில நிக்குதேன்னு வருத்தம், இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே இருந்துக்கிறேன்னு எழுதிக் கேக்க, தளபதிக்கு கோவம் வந்து ராத்திரியோட ராத்திரியா வெளிய தள்ளிட்டாங்க!

1842ல அதுக்கு பேட்டன்ட் கிடைச்சுது, அடுத்த வருஷம் தம்பி வில்ஹெல்ம் இங்கிலாந்துக்கு போயி அங்க உள்ள உரிமைய 1500 பவுண்டுக்கு வித்துட்டு வந்தாரு. வீட்டுக்கு மூச்சு வந்தது அப்பதான்.

கேள்வி: கடலுக்கடியில போட்ட பழைய கேபிள்ல கட்டாபெர்ச்சா சுத்தினாங்கன்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. நான் ரப்பர் வெட்டுறவன். அது நம்ம ரப்பர் பாலா?
– ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: இல்லண்ணே, மரம் வேற. மலேயா பக்கத்து மரம், நம்ம இலுப்பை, சப்போட்டா குடும்பம். அதுவும் பாலுதான், ஆனா உறைஞ்சா ரப்பர் மாதிரி இழுபடாது, கட்டியா நிக்கும், சுடுதண்ணியில போட்டா மாவு மாதிரி இளகும், ஆறினா திரும்ப இறுகிடும். பல்லு டாக்டர் ரூட் கேனால் பண்ணி ஓட்டைய அடைக்கிற சின்ன குச்சி இருக்கே, இப்பவும் அதுதான்.

தம்பி வில்ஹெல்ம் லண்டன்லேர்ந்து அனுப்பின கட்டாபெர்ச்சா துண்டு ஒண்ண வச்சு, மூட்டு இல்லாம கம்பிய சுத்தி அழுத்துற மெஷினுக்கு சீமென்ஸ் வழி கண்டுபிடிச்சாரு. 1847ல ஹால்ஸ்கேங்கிற மெக்கானிக்கோட சேந்து பெர்லின்ல பத்து பேர வச்சு தந்தி பட்டறை போட்டாங்க, போட்ட முதலீடு அந்த ஊர் காசுல 6842 தாலர், குடுத்தது பெரியப்பா சித்தப்பா வழி அண்ணன் ஒருத்தர். இந்த ஆளு அப்பவும் யூனிபார்ம்லதான் இருக்காரு! 1848ல டென்மார்க் கப்பல் வந்துடக்கூடாதுன்னு கீல் துறைமுகத்துல வெடிமருந்து பீப்பாய்ங்கள தண்ணிக்கடியில இறக்கி, கரையிலேர்ந்து கரண்டு விட்டு வெடிக்கிற மாதிரி வச்சது இந்த கம்பியாலதான். அதே வருஷம் பெர்லின்–பிராங்க்பர்ட் தந்தி லைன் வேலையும் தொடங்கிட்டு. அந்தக் காலத்து பூமிக்கடி லைன் நிறைய பிறகு கெட்டுப் போச்சு, ஆழமா தோண்டாம மேலாப்புல போட்டதுல எலி கடிச்சுது. பழி சீமென்ஸ் மேல வந்துட்டு, பிரஷ்யா ஆர்டர் நின்னு போயி ரஷ்யா பக்கம் திரும்ப வேண்டியதாச்சு.

கேள்வி: சீமென்ஸ் கடைசியில படையில எந்த பதவியில ரிட்டயர் ஆனாரு?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கேப்டன்கூட ஆகல, 1849ல லெப்டினன்டாவே ராஜினாமா. பிறகுதான் பெரிய வேலையெல்லாம். 1870ல லண்டன்–கல்கத்தா தந்தி, ஏறக்குறைய 11,000 கிலோமீட்டர். 1866ல டைனமோ, அந்த கட்டுரைய 1867 ஜனவரியில பெர்லின் அகாடமியில வாசிச்சது யாருன்னு நினைக்கிறீங்க, பழைய வாத்தியார் மாக்னஸ்தான். 1881ல பெர்லின் பக்கத்துல லிக்டர்ஃபெல்டேல கரண்டு டிராம் ஓட விட்டாரு. ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து கிளம்புற அந்த டிராம் போயி நின்ன இடம், ராணுவ அதிகாரியாக பையங்கள பழக்குற கேடட் பள்ளி வாசல்.