ஒலிநாடா முடிந்த இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2025இல் வெளிவந்த ‘சூப்பர்மேன்’ படத்தில் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் பழைய மெட்டு எலக்ட்ரிக் கித்தாரில் எழுந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மெட்டு முதல் ‘சூப்பர்மேன்’ படத்தில் வந்த 1978இல் நான் பிறக்கவே இல்லை. உடன் வந்த நண்பர், அது இரவல் உணர்ச்சி என்றும், புதிதாக எழுதத் தெரியாதவர்களின் குறுக்குவழி என்றும் சொன்னார். 2013இல் வந்த சூப்பர்மேன் படமான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’-இல் அந்த மெட்டை ஒதுக்கிய இசையமைப்பாளர் ஹான்ஸ் ஜிம்மர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. புதிய படம் பழைய மெட்டை எடுத்தாள்வது சரிதானா?

நிவேதா

அன்புள்ள நிவேதா,

நண்பரின் குறுக்குவழி வாதத்தை விட்டுவிடுவோம். 1980, 1983 ஆகிய ஆண்டுகளில் வந்த அடுத்த இரு சூப்பர்மேன் படங்களுக்கே இசையமைப்பாளர் கென் தோர்ன் வில்லியம்ஸின் மெட்டுகளைத்தான் எடுத்தாண்டார். 2006இல் ‘சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்கு ஜான் ஓட்மனும் அப்படியே செய்தார். ஜிம்மர் விஷயத்தில் உங்களைக் கடிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. தான் யார் என்ற தெளிவில்லாமல் அலையும் ஒருவனின் கதைக்கு அந்த வெற்றி முழக்கம் பொய்யாக ஒலித்திருக்கும் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையா? ரசிகராக இருக்க வேண்டிய இடத்தில் கட்சிக்காரரைப்போல் எழுதுகிறீர்கள்.

என்னை நிறுத்தியது ‘நான் பிறக்கவே இல்லை’ என்ற வரிதான். சில நாட்களாக நானும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். சிறுவனாக இருந்தபோது அந்த இசை எனக்கு ஓர் ஒலிநாடாவின் முதல் பக்கத்துக் கடைசியில் கிடைத்தது. யார் பதிவு செய்தார்களோ, பாதிதான் இடம் இருந்திருக்கிறது. தாழ்ந்த ஒலியில் தொடங்கி, ஊதுகருவிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நாயகனின் பெயரையே உச்சரிப்பதுபோல் விழும் அந்த மூன்று சுரங்களுக்குச் சற்று முன்பாக நாடா தீர்ந்து, பொத்தான் ‘டக்’கென்று மேலெழும்பிவிடும். படத்தை நான் பார்த்ததில்லை. பறப்பவன் எவன் என்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும். மிச்சத்தை நானே பாடி முடித்துக்கொள்வேன்.

ஆகவே உங்கள் கண்ணீரை யாரிடமும் நீங்கள் இரவல் வாங்கவில்லை. ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அதாவது ‘ச’விலிருந்து ‘ப’வுக்கு, தாவுவது இசையில் மிக எளிய, மிக உறுதியான தாவல்களில் ஒன்று; வில்லியம்ஸ் அந்தத் தாவலின் மேல்தான் தன் மெட்டை எழுப்பியிருக்கிறார். அது எழும்போது கேட்பவரின் மூச்சும் கூடவே எழுகிறது. அதற்கு முன்நினைவு தேவையில்லை.

ஆனால் இதனாலேயே அதை எடுத்தாள்பவருக்குப் பொறுப்பு கூடுகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். 1978 படத்தில் பெயர்ப்பட்டியலின்போது முழுதாக ஒலித்துவிட்ட மெட்டை, அதன்பின் வில்லியம்ஸ் எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறார் என்று கவனியுங்கள். ஹெலிகாப்டர் காட்சியில் நாயகன் சட்டையைத் திறந்து மேலே பாயும்வரை நம்மைக் காக்கவைக்கிறார். அந்தக் காத்திருப்பில்தான் மெட்டு தன் பலத்தைச் சேர்த்துக்கொள்கிறது. 2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தில் டேனி எல்ஃப்மன் செய்தது இன்னும் துணிச்சலானது: உயிர்த்தெழுந்த நாயகன் தன் தோழர்களையே தாக்கும் இடத்தில், அதே மெட்டை இருட்டாக்கித் திரித்து வைத்தார். பலர் அதைக் கவனிக்கவில்லை, கவனித்த சிலர் கோபப்பட்டார்கள். எனக்கோ, அந்த மெட்டு அங்கேதான் மீண்டும் உயிரோடு இருந்தது. முழுதாக, பளபளப்பாக, காட்சிக்குக் காட்சி குத்தப்படும் மெட்டு தபால்தலை முத்திரையாகிவிடும். யாருடைய படம் என்று அறிவிக்குமே தவிர, கதைக்குள் எதையும் செய்யாது. 2025 படத்தின் இசையமைப்பாளர்களான ஜான் மர்ஃபியும் டேவிட் ஃப்ளெமிங்கும் அதைக் கித்தாருக்கு மாற்றியது நல்ல தொடக்கம். ஆனால் கருவியை மாற்றினால் மட்டும் போதுமா? மெட்டை உடைக்கவும் பாதியில் நிறுத்தவும், சில இடங்களில் கைவிடவும் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் துணிவு இருந்திருக்கலாம்.

பல ஆண்டுகள் கழித்துப் படத்தைப் பார்த்தபோது, நாடா விழுங்கிய அந்த மூன்று சுரங்களை முதன்முறையாகக் கேட்டேன். நான் பாடி வைத்திருந்த முடிவு முற்றிலும் தவறு. சரியானது தெரிந்த பின்பும், இன்று முணுமுணுக்கும்போது வாயில் வருவது அந்தத் தவறான முடிவுதான்.

அன்புடன்.