ஜிப்ரலின் தண்டை நீட்டும், சரி. எப்படி நீட்டும்?

நீட் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் போல. "ஜிப்ரலின் என்ற செடி ஹார்மோன் தண்டை நீட்டும் என்கிறார்களே, ஒரு ஹார்மோன் மரபணுவை எப்படி இயக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாண்டிச்சேரியில் டியூஷன் எடுக்கும் நானும் பல வருடம் அந்த ஒரு வரியை ஒப்பிக்க வைத்தே காலம் தள்ளியவன். அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது குறிஞ்சிப்பாடிப் பக்கம் எங்கள் வயலில், 2024 ஃபெஞ்சல் புயல் மழையில்.

அந்த வருடம் நடவே தாமதம். யூரியா வாங்கப் போன அப்பாவிடம், டானிக் பாட்டிலும் சேர்த்து எடுத்தால்தான் மூட்டை என்றார் கடைக்காரர். பாட்டிலில் ஜிப்ரலிக் அமிலம், அதுவும் ஜிப்ரலின்தான். காசு கொடுத்தது வீணாகக் கூடாதென்று பிபிடி ரக நெல்லுக்கு அடித்தார். பயிர் மளமளவென்று எழும்பியது. பத்தே நாளில் மழை. ஒரு வாரம் நுனிகூடத் தெரியவில்லை. தண்ணீர் வடிந்தபோது பயிர் வெளிறி, நீண்டு, எண்ணெய் வைத்து வாரின தலை மாதிரி சேற்றில் படிந்து கிடந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பாவின் சிஆர் 1009 சப்-1, வெள்ளம் தாங்கும் நெல் ரகம், குட்டையாக அப்படியே நின்றது. கொஞ்ச நாளில் புதுக் குருத்தும் விட்டது.

இப்போது உங்கள் கேள்வி. தண்டை நீட்டும் மரபணுக்கள் செடியில் தயாராகவே இருக்கின்றன. டெல்லா என்ற புரதம் அவற்றை வேலை செய்யவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது. ஜிப்ரலின் வந்து ஜிஐடி1 என்ற ஏற்பியில், அதாவது ஹார்மோனைப் பிடிக்கும் புரதத்தில், ஒட்டியதும், அந்த ஏற்பி டெல்லாவைப் பிடித்துக்கொள்ளும். டெல்லாவின் மேல் யுபிகுயிட்டின் முத்திரை, அதாவது 'இதை அழி' என்ற அடையாளம், விழும். செல் அதைச் சிதைத்துவிடும். அப்புறம் மரபணுக்கள் இயங்கும், தண்டு நீளும். ஹார்மோன் செய்வது பிரேக்கை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். ஆக்சின் என்ற இன்னொரு செடி ஹார்மோனுக்கும் ஏறக்குறைய இதே வழிதான். புரதங்களின் பெயர்தான் வேறு.

பயிர் மூழ்கினால், செடியில் உண்டாகும் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். சாதா ரகத்தில் அது ஜிப்ரலினைக் கிளப்பிவிட்டு, தண்ணீருக்கு மேலே வரச் சொல்லி இலையை நீட்ட வைக்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரையும். சப்-1 ரகத்தில் அதே எத்திலீன் சப்1ஏ மரபணுவைத் தட்டி எழுப்பும். அது டெல்லா வகைப் பிரேக்கைக் கூட்டிவிடும். பயிர் அடங்கிக் கிடந்து இரண்டு வாரம் வரை தாங்கும். ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லிலிருந்து வந்த குணம் இது.

டானிக்தான் எங்கள் பயிரைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை. ரகமே வேறு, எங்கள் வயல் அரையடி பள்ளமும்கூட. வேளாண்மை படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆனால் யூரியா கேட்டு வந்தவர் தலையில் டானிக்கைக் கட்டுவது என்ன நியாயம்? பில்லும் யூரியாவுக்கு மட்டும்தான். அப்பா அடுத்த வருடமும் ஒரு பாட்டிலோடுதான் வந்தார். பிரிக்காமல் மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடக்கிறது.