உபத்திரவத்துக்கு ஒத்திகை உண்டா? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

தொடக்கத் திருச்சபையில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட இரத்தசாட்சிகளைப் பற்றி நீங்கள் எழுதிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அரங்கத்தில் மிருகங்களுக்கு முன் நிறுத்தப்பட்ட, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துப் பெர்பெத்துவாவைப் பற்றி வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவளுக்கு ஏறக்குறைய 22 வயது. பால்குடி மறவாத குழந்தை. எனக்கும் எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. அவள் இடத்தில் என்னை வைத்துப் பார்த்தேன். கேட்ட உடனே கிறிஸ்துவை மறுதலித்துவிடுவேன் என்றுதான் தோன்றியது. எங்கள் ஜெபக்குழுவில் வேதபாடம் நடத்தும் அண்ணன், கொடிய நாட்கள் வருகின்றன, அரங்கத்தில் மிருகங்களுக்கு முன் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஜெபித்து இப்போதே ஆயத்தமாகுங்கள் என்கிறார். அப்படி நினைக்கும் ஒவ்வொரு முறையும் நான் தோற்றே போகிறேன். என் விசுவாசம் பொய்யா? ஒருவர் எப்படித்தான் ஆயத்தமாவது? ஏழு வயதான என் மூத்த மகனுக்கு இந்தக் கதைகளைச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் விசுவாசம் பொய்யல்ல. அண்ணன் கற்றுத்தரும் பயிற்சிதான் பிழையானது என்று நினைக்கிறேன். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் முன்மாதிரியாகக் காட்டும் இரத்தசாட்சிகளே அப்படிப் பழகவில்லை.

நீங்கள் பெர்பெத்துவாவோடு நின்றுவிட்டீர்கள். அதே சிறையில் அவளோடு இருந்த பெலிசித்தாவையும் பாருங்கள். அவள் ஓர் அடிமைப் பெண்; பிடிபட்டபோது கர்ப்பிணி. கர்ப்பிணிகளைக் கொல்ல ரோமச் சட்டம் இடம் தரவில்லை என்பதால், தோழர்கள் சாகும் நாளில் தான் மட்டும் பிந்திவிடுவோமோ என்று அவள் கலங்கினாள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டது. அவள் வலி தாளாமல் கத்தியதை, அவர்களுடைய சாவைப் பதிவுசெய்து வைத்தவர்கள் மறைக்கவில்லை. சிறைக்காவலன் ஒருவன், இதற்கே இப்படிக் கத்துகிறாயே, மிருகங்களுக்கு முன் எறியும்போது என்ன செய்வாய் என்று கேலி செய்தான். நீங்கள் உங்களிடமே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுதான். அவள் சொன்ன பதிலின் சாரம் இது: இப்போது படும் பாட்டை நான் படுகிறேன், அப்போது எனக்குள் வேறொருவர் இருந்து எனக்காகப் பாடுபடுவார், ஏனென்றால் நானும் அவருக்காகவே பாடுபடப்போகிறேன்.

அந்த நாளுக்கான தைரியம் தன் கையில் இருப்பதாக அவள் சொல்லவில்லை. கற்பனையில் நம்மால் சிங்கத்தைக் கொண்டுவர முடிகிறது, கூட்டத்தின் கூச்சலைக் கொண்டுவர முடிகிறது, நடுங்கும் நம்மையும் கொண்டுவர முடிகிறது. அவள் சொன்ன அந்த 'வேறொருவரை' மட்டும் கொண்டுவர முடிவதில்லை. ஒப்புக்கொடுக்கப்படும்போது என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டாம், அந்த வேளையில் அது அருளப்படும் என்று கர்த்தர் சொன்னார். அந்த வேளைக்கென்று சொல்லப்பட்டதை அன்று இரவே கையில் வைத்திருக்க முயன்றதால்தான் உங்களுக்கு உறக்கம் போனது.

ஒத்திகை பார்த்தவர்களின் கதையும் நம்மிடம் உண்டு. 155-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப் கொல்லப்பட்டதைப் பற்றி அந்தச் சபையார் எழுதிய கடிதத்தில் குயிந்துஸ் என்றொருவர் வருகிறார். யாரும் தேடாமலே தானாகப் போய் நின்றவர், போகிற வழியில் வேறு சிலரையும் கூட்டிக்கொண்டு போனவர். மிருகங்களைக் கண்டதும் பயந்துபோய் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திவிட்டார். ஆகையால் தாங்களே போய் ஒப்புக்கொடுப்பவர்களை நாங்கள் மெச்சுவதில்லை, சுவிசேஷம் அப்படிப் போதிக்கவில்லை என்று அந்தச் சபையார் வெளிப்படையாகவே எழுதினார்கள். பொலிகார்ப்போ, நண்பர்கள் வற்புறுத்தியபோது ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார், அங்கிருந்து இன்னொன்றுக்கும் போனார். பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார்; ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டு, இரண்டு மணி நேரம் ஜெபித்தார். அன்று அவர் புதிதாக எதையும் செய்துவிடவில்லை. வந்தவரை உபசரிப்பதும் ஜெபிப்பதும் எண்பது வயதைக் கடந்த அந்த மனிதருக்கு அன்றாட வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

முதல் மூன்று நூற்றாண்டுகளும் ஓயாத வேட்டையாகவே கழிந்தன என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். உண்மை அப்படியல்ல. 64-இல் நீரோ ரோமில் செய்தது கொடூரம். ஆனால் அது அந்த நகரத்தோடு நின்றது. 112 வாக்கில் பித்தினியாவின் ஆளுநர் பிளினி, இவர்களை என்ன செய்வது என்று பேரரசர் டிராஜனுக்கு எழுதிக் கேட்டபோது, அவர்களைத் தேடிப் போகாதே, பெயரில்லாப் புகார்களை ஏற்காதே, குற்றம் சாட்டப்பட்டு நிரூபிக்கப்பட்டால் தண்டி, நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடு என்றே பதில் வந்தது. அங்கங்கே, அவ்வப்போது, பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் பகையால் மூண்ட துன்பங்கள் அவை. பேரரசு முழுவதையும் வளைத்த சோதனை 250-இல் பேரரசர் தேசியுஸ் காலத்தில்தான் வந்தது. அது சிங்கத்தின் உருவில் வரவில்லை, ஒரு சான்றிதழாக வந்தது.

பேரரசின் குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதற்கென்று அமைத்த குழுவின் முன் சான்று பெற வேண்டும் என்பது உத்தரவு. அந்தச் சான்றிதழ்களில் 40-க்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலில் கிடைத்திருக்கின்றன. ஒன்றில் அவுரேலியுஸ் தியோகெனெஸ் என்ற கிராமத்துக் கிழவர் பேசுகிறார்: வயது 72, வலப் புருவத்தில் தழும்பு, எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டேன், பானபலி வார்த்தேன், படைத்ததை உண்டேன், இதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன். நம் ஊரில் எந்த விண்ணப்பத்திலும் அங்க அடையாளம் எழுதுவதைப் போல அந்தத் தழும்பு எழுதப்பட்டிருக்கிறது. அவர் கிறிஸ்தவரா என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இல்லை. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் அதே போன்ற சான்றிதழை வாங்கியிருக்கிறாள். இரண்டே நிமிட வேலை, ஒரு துண்டுத் தாள். அதில்தான் சபை நிலைகுலைந்தது.

கார்த்தேஜின் பேராயர் சிப்ரியான் அதைப் பற்றி எழுதியிருப்பது வாசிக்கக் கூசும் அளவுக்கு நேர்மையானது. யாரும் இழுத்துப் போகாமலே மக்கள் தாங்களாகவே மன்றத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். இன்னும் சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் எதையும் வணங்கவில்லையே, தாள்தானே என்பது அவர்கள் சமாதானம். சிப்ரியான் கண்ட காரணம் நம்மைத் தொடுகிறது. நீண்ட சமாதான காலத்தில் ஆயர்கள் உட்பட எல்லோரும் சொத்துச் சேர்ப்பதில் முழுகிக் கிடந்தார்கள். ஊரைவிட்டுத் தப்பியோட வழி இருந்தும், உடைமை அவர்களைக் கட்டிப்போட்டது என்கிறார். அவர்கள் மறுதலித்தது சித்திரவதைக்கு அஞ்சி அல்ல. வீடு போகுமே, தொழில் போகுமே என்ற கணக்கில் மறுதலித்தார்கள்.

எனவே, எப்படி ஆயத்தமாவது என்ற உங்கள் கேள்விக்கு வரலாற்றிலிருந்து எனக்குத் தெரியும் முதல் பதில், அரங்கத்தை மறந்துவிட்டு அந்தத் தாளை நினையுங்கள் என்பதே. ஒரு சிறு நன்மைக்காக எதில் கையெழுத்துப் போட நாம் தயங்குவதில்லை, எதை இழந்தால் வாழவே முடியாது என்று நினைக்கிறோம் என்று பார்த்தால் போதும். கொடுத்துப் பழகிய கை பிடியைத் தளர்த்துவது சுலபம். உபவாசத்துக்கும் காணிக்கைக்கும் நம் முன்னோர் கண்ட பயன் அதுவும்தான். உணவையும் எரிபொருளையும் பதுக்கி வைப்பதை ஆவிக்குரிய ஆயத்தம் என்று இன்று சிலர் போதிப்பதைப் பற்றி நான் வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவதாக, மனப்பாடம். என் தாயார் மருத்துவமனையில் கிடந்த கடைசிப் பதினொரு நாட்களும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தெரிந்த எனக்கு அங்கே ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை. பத்து வயதில் ஞாயிறு பள்ளிப் பரிசுக்காக உருப்போட்ட 121-ஆம் சங்கீதம் மட்டும் வந்தது. அதிலும் ஒவ்வொரு முறையும் ஒரு வசனத்தை விட்டுவிட்டேன். அது உபத்திரவம் அல்ல, எல்லா வீட்டிலும் வரும் துக்கம்தான். ஆனால் மனம் செயலற்றுப் போகும்போது எது மிஞ்சும் என்பதை அங்கேதான் அறிந்தேன்.

இதன் பெரிய வடிவம் ஜப்பானில் நடந்தது. 1597-இல் நாகசாகியில் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்டார்கள். 1614-இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. பின்பு குருவானவர் இல்லை, ஆலயம் இல்லை, புத்தகம் வைத்திருப்பதும் ஆபத்து. கிராமத்தார் தங்களுக்குள்ளேயே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு, லத்தீனும் போர்த்துகீசியமும் கலந்த ஜெபங்களைப் பொருள் தேய்ந்துபோன பின்னும் வாய்மொழியாகக் காத்தார்கள். 1865-இல் நாகசாகியில் அயல்நாட்டாருக்கென்று கட்டப்பட்ட ஆலயத்துக்கு உராக்காமி கிராமத்தவர் சிலர் வந்தார்கள். ஒரு பெண் பாதிரியாரை நெருங்கி, எங்கள் இருதயமும் உங்கள் இருதயமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மரியாளின் சொரூபம் எங்கே என்று கேட்டாள். அதற்குப் பின்னும் துன்பம் ஓயவில்லை. அந்தக் கிராமத்தார் 3,000-க்கும் மேற்பட்டோர் சொந்த ஊரிலிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்கு விரட்டப்பட்டு, 600-க்கும் மேற்பட்டோர் மாண்ட பின்பே, 1873-இல் தடை நீங்கியது.

இந்த மக்களை வீரர்களாக மட்டும் பார்த்துவிடாதீர்கள். கிறிஸ்துவின் உருவம் பதித்த பலகையை மிதித்துக்காட்ட வேண்டும் என்று அதிகாரிகள் கட்டளையிட்டபோது, அவர்களில் பலர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, பாவத்துக்காக வருந்தும் மனஸ்தாப ஜெபத்தைச் சொல்லி அழுதார்கள். குருவானவர் இல்லாத நேரத்தில் முழு மனஸ்தாபத்தோடு மன்னிப்புக் கேட்பது எப்படி என்று 1603-இல் தயாரான ஒரு சிறு நூல், தலைமுறை தலைமுறையாக அவர்களிடையே கைமாறி வந்தது. விழுந்தவர் திரும்பிவரும் வழியை அவர்கள் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். அண்ணனின் போதனையில் எனக்கு மிகவும் குறையாகப் படுவது இதுதான்: அவர் சொல்லும் ஆயத்தத்தில் தோற்றவனுக்கு இடமில்லை. இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்கே அதில் இடம் கிடைக்காது. சிப்ரியானும் தலைமறைவானவர்தான், அதற்காக ஏச்சும் வாங்கியவர். 251-இல் அவர் கூட்டிய ஆலோசனைச் சங்கம் விழுந்தவர்களை அலட்சியமாக வரவேற்கவுமில்லை, நிரந்தரமாகக் கதவடைக்கவுமில்லை. தாள் வாங்கியவர்களைத் தனித்தனியே விசாரித்துச் சேர்த்துக்கொண்டது, பலியிட்டவர்களை நீண்ட மனந்திரும்புதலுக்கு உட்படுத்தியது. 258-இல் அவரே வாளுக்குக் கழுத்தை நீட்டியபோது, தன்னை வெட்டுகிறவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொன்னார்.

நீங்கள் அரங்கத்தில் தனியாகவே நிற்கிறீர்கள் என்பதையும் கவனித்தேன். பெர்பெத்துவா தனியாக நிற்கவில்லை. அவள் பிடிபட்டபோது ஞானஸ்நானம்கூடப் பெறாதவள், பழுத்த விசுவாசி அல்ல. இருட்டறையில் அவளை வாட்டியது குழந்தையைப் பற்றிய கவலைதான் என்று அவளே எழுதுகிறாள். தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு உதவிக்குருக்கள் காவலருக்குப் பணம் கொடுத்து, நாளில் சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க ஏற்பாடு செய்தார்கள். பசியால் துவண்டிருந்த குழந்தைக்கு அங்கே அவள் பாலூட்டினாள். பின்பு குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், சிறை எனக்கு மாளிகையாயிற்று என்கிறாள். முடிவில் அவளுடைய தகப்பன் குழந்தையைத் தர மறுத்தபோது, குழந்தை பால் தேடவில்லை, தனக்கும் பால் கட்டி வலிக்கவில்லை என்று குறித்து வைத்தாள். உங்களைத் தூங்கவிடாத கவலை அவளுக்கும் இருந்தது, அதைச் சுமக்க ஆட்களும் இருந்தார்கள். உங்கள் ஜெபக்குழு ஒரு மாலையைக் கற்பனைக்குச் செலவிடாமல், நோயிலோ கடனிலோ சிறையிலோ தவிக்கும் ஒருவரின் வீட்டுக்குப் போய் வருமானால், பொம்போனியுஸ்கள் உருவாவார்கள்.

துன்புறுத்தியவர்களின் வரிசையில் நாமும் உண்டு என்பதை அண்ணனிடம் தயவுசெய்து சொல்லுங்கள். 1569-இல் நெதர்லாந்தின் அஸ்பெரென் ஊரில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத டிர்க் வில்லெம்ஸ் சிறையிலிருந்து தப்பி, மெல்லிய பனி உறைந்த நீர்நிலையின்மேல் ஓடினார். துரத்தியவன் பனி உடைந்து நீரில் விழுந்தான். இவர் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிட்டார். அதனால் பிடிபட்டு எரிக்கப்பட்டார். எரித்தவர்களும் கிறிஸ்துவின் பெயரைத்தான் சொன்னார்கள். அந்தப் பனியின்மேல் யோசிக்க நேரமே இருந்திருக்காது.

கடைசியாக, உங்கள் மகன். ஏழு வயதுக்கு மிருகங்கள் வேண்டாம், தீயும் வேண்டாம். பின்னாளில் திருச்சபையின் பெரிய அறிஞரான ஓரிஜனின் தாயைப் பற்றிச் சொல்லுங்கள். 202 வாக்கில் அலெக்சாந்திரியாவில் கணவர் லெயோனிதெஸ் சிறையில் இருக்கிறார். பதினேழு வயது நிரம்பாத மூத்த மகன் நானும் போய்ப் பிடிபடுவேன் என்று துடிக்கிறான். கெஞ்சிப் பார்த்த தாய், அது பலிக்காமல் போகவே, அவனுடைய துணிமணிகளை எல்லாம் ஒளித்துவைத்துவிட்டாள். உடுத்த எதுவும் இல்லாமல் வெளியே போக முடியாமல் அவன் வீட்டிலேயே கிடந்தான். எங்களை நினைத்து மனம் மாறிவிடாதீர்கள் என்று அப்பாவுக்குக் கடிதம் மட்டும் எழுதினான். உங்கள் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அந்த ஓரிஜன் தேசியுஸ் காலத்துச் சிறையில் கழுத்தில் இரும்போடும் தொழுமரத்தில் அகட்டிப் பிணித்த கால்களோடும் கிடந்து மறுதலிக்காமல் வெளியே வந்ததை, அவனுக்குப் பதினேழு ஆகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்.