சம்பந்தி வீட்டு பஸ்கா விருந்தா? முதலில் பெருங்காய டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: மகள் நியூஜெர்ஸியில் இருக்கிறாள். மாப்பிள்ளை யூதர். இந்த முறை யூதர்களின் பஸ்கா பண்டிகை விருந்து மகள் வீட்டில்தான். சம்பந்தி வீட்டார் எல்லோரும் வருகிறார்கள். அப்போது நான் அங்கே இருப்பேன். எட்டு வயதுப் பேத்தியும் ஐந்து வயதுப் பேரனும் "பாட்டி, சேர்ந்து சமைக்கலாம்" என்று இப்போதே தொலைபேசியில் கேட்கிறார்கள். நான் சைவம். முட்டை சாப்பிடமாட்டேன், மற்றவர்களுக்குச் செய்து கொடுப்பேன். அந்த வாரம் புளித்த பண்டம் கூடாதாமே? இட்லி, தயிர் எதுவுமே ஆகாதா? குழந்தைகளோடு என்ன செய்யலாம்? நம் பக்கத்துப் பதார்த்தம் ஒன்றாவது மேஜையில் வைக்க முடியுமா?

பதில்: தயிருக்கு அந்தத் தடை இல்லை. இட்லிக்கு இருக்கலாம், ஆனால் புளித்தது என்பதற்காக இல்லை.

பஸ்காவில் விலக்கப்படும் புளிப்பு கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற பழங்கோதுமை ஆகிய 5 தானியங்களோடு நின்றுவிடுகிறது. இவற்றின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுக்காவிட்டால் அது 'ஹமேட்ஸ்' ஆகிவிடும். அதற்குள் சுட்டெடுத்த மெல்லிய வறட்டு அப்பம்தான் மத்ஸா. மற்றபடி நொதித்த பொருள் மேல் எந்தப் பகையும் இல்லை. ஸேடர் என்ற அந்த முதல் இரவு விருந்தில் பெரியவர்கள் நான்கு கிண்ணம் திராட்சை மது குடிப்பது கட்டாயச் சடங்கு.

இட்லியில் சிக்கல் அரிசியும் உளுந்தும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாஸிகள், ஏறக்குறைய 13ஆம் நூற்றாண்டிலிருந்து, பஸ்கா நாட்களில் அரிசி, பருப்பு வகைகள், சோளம், கடுகு, எள் ஆகியவற்றையும் தவிர்த்து வருகிறார்கள். இவற்றுக்கு 'கிட்னியோத்' என்று பெயர். கோதுமையோடு ஒரே இடத்தில் சேமிக்கப்பட்டுக் கலந்துவிடலாம், அரைத்தால் அதே மாவைப் போலத் தெரியும் என்பவை அதற்குச் சொல்லப்படும் காரணங்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் வழி வந்த ஸெஃபார்டி யூதர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவர்களில் பலர் அரிசியை மூன்று முறை மணி மணியாகப் பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைப்பார்கள். நமக்குப் பக்கத்திலேயே இருந்த கொச்சி யூதர்களும் பஸ்காவில் சோறு உண்டவர்களே. அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு யூதர்களின் சட்டக் குழு 2015 டிசம்பரில் அஷ்கெனாஸிகளும் கிட்னியோத் உண்ணலாம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தாலும் பாட்டி காலத்துப் பழக்கத்தை விடாதவர்கள் நிறைய.

ஆகவே ஒரே மேஜையில் ஒருவர் சோற்றைத் தொடுவார், பக்கத்தில் இருப்பவர் தொடமாட்டார். உங்கள் சம்பந்தி எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் கேட்க வேண்டும். மாப்பிள்ளையைக் கேட்காதீர்கள். "எதுவானாலும் பரவாயில்லை அத்தை" என்றுதான் சொல்வார். எந்த ஊர் மாப்பிள்ளையும் அப்படித்தான். சம்பந்தி அம்மாவிடம் நேராகவே மூன்றைக் கேளுங்கள்: கிட்னியோத் உண்டா, அன்றைய விருந்து இறைச்சியா பாலா, பஸ்காவுக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கிறீர்களா. இந்த மூன்றைக் கேட்பவருக்கு விஷயம் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையால் எதைக் கொடுத்தாலும் தயக்கமின்றிச் சாப்பிடுவார்.

இனி உங்கள் பெட்டிக்கு வருகிறேன். சென்னையிலிருந்து கிளம்பும்போது ரவை, சேமியா, மைதா முறுக்கு வேண்டாம் என்பது உங்களுக்கே தோன்றியிருக்கும். தோன்றாதது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ரசத்தில் ஒரு சிட்டிகைதானே என்று விட முடியாது. பஸ்காவில் ஹமேட்ஸை உண்பது மட்டுமல்ல, உடைமையாக வைத்திருப்பதும் கூடாது. கண்டிப்பானவர்கள் வீட்டிலிருக்கும் ஹமேட்ஸை அந்த நாட்களுக்கு யூதர் அல்லாதவருக்கு முறைப்படி விற்றுவிடுகிறார்கள். மகள் வீட்டு அலமாரியில் நீங்கள் போன தடவை வைத்துவிட்டு வந்த டப்பா இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். கிட்னியோத் பார்ப்பவர்கள் என்றால் கடுகு, உளுந்து தாளிப்பும் நல்லெண்ணெயும் போயிற்று. கடலை எண்ணெய் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு, அந்த வம்பு வேண்டாம். அவர்கள் வாங்கி வைத்திருக்கும், பஸ்காவுக்கு ஏற்றது என்ற முத்திரையுள்ள எண்ணெய் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். பொடித்த மசாலாவுக்கும் அப்படித்தான். பச்சைக் காய்கறி, இஞ்சி, பச்சை மிளகாய், முழுத் தேங்காய் இவற்றுக்கு முத்திரை வேண்டாம். கறிவேப்பிலையையும் கீரையையும் இலை இலையாகக் கழுவிப் பூச்சி பாருங்கள். பூச்சி உண்பது அவர்களுக்கு எல்லா நாளும் விலக்கு.

தயிருக்குத் தடை இல்லை என்றேனே, அதில் ஒரு திருத்தம். பாலும் இறைச்சியும் ஒரே வேளையில் சேரக்கூடாது என்பது ஆண்டு முழுவதற்குமான விதி. ஸேடர் மேஜையில் கோழி சூப்போ மாட்டிறைச்சியோ வருவதே வழக்கம். வந்தால் தயிர், நெய், பால் பாயசம் எதுவும் அங்கே ஆகாது. தேங்காய்ப்பால் இரண்டு பக்கமும் சேராத பொதுப் பொருள்.

குழந்தைகளுக்கு ஹரோஸெத்தைக் கொடுங்கள். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்கள் குழைத்த கட்டடச் சாந்தை நினைவூட்டும் இனிப்புக் கலவை இது. அன்று அடையாளப் பண்டங்களை வைக்கும் ஸேடர் தட்டில் இதற்கு ஓர் இடம் உண்டு. அடுப்பே வேண்டாம். 3 ஆப்பிள், ஒன்றாவது புளிப்பு ரகமாக. ஒரு கப் வால்நட்டை லேசாக வறுத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். பேரன் அதைத் துணிப்பையில் போட்டுப் பூரிக்கட்டையால் தட்டட்டும் (பூரிக்கட்டை மாவு படாத புதியதாக இருக்கட்டும்). பேத்தி ஆப்பிளைப் பொடியாக நறுக்கட்டும். ஒரு டீஸ்பூன் பட்டைப்பொடி, 4 டேபிள்ஸ்பூன் சிவப்பு திராட்சைச் சாறு, ஒரு டேபிள்ஸ்பூன் தேன். கிளறி இரண்டு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் ஆப்பிளின் நிறம் மாறிச் சேற்று நிறமாகும். பார்க்க நன்றாக இல்லையே என்று எலுமிச்சை பிழியாதீர்கள், சாந்து அப்படித்தான் இருக்கும். மிக்ஸியும் வேண்டாம், பல்லில் கடிபட வேண்டும். ஈராக் வழி வந்தவர்கள் பேரீச்சம்பழத்தை வேகவைத்துப் பிழிந்து, சாற்றைத் தேன் பதத்துக்குச் சுண்டவிட்டு, மேலே வால்நட் தூவுவார்கள். எனக்கு அதுதான் பிடித்தம். ஆனால் சம்பந்தி வீட்டில் ஆப்பிள் என்றால் ஆப்பிளே செய்யுங்கள்.

மத்ஸா உருண்டை சூப்தான் அன்றைய இரவின் பரீட்சை. உருண்டை மிருதுவாக மிதக்க வேண்டுமா, கெட்டியாக மூழ்க வேண்டுமா என்று அவர்கள் வீடுகளில் ஓயாத வாக்குவாதம் உண்டு. மிதப்பதற்கான அளவு: 4 முட்டை, 4 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 4 டேபிள்ஸ்பூன் சூப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு இவற்றை அடித்து ஒரு கப் மத்ஸா பொடியைக் கலக்குங்கள். முதலில் தோசை மாவாகத் தெரியும். இன்னும் பொடி சேர்க்கக் கை பரபரக்கும், சேர்க்காதீர்கள். உருண்டை கல்லாவது அங்கேதான். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் பொடி ஈரத்தை இழுத்துத் தானே இறுகும். பிறகு கையை நனைத்துக்கொண்டு சிறு நெல்லிக்காய் அளவுக்கு உருட்டுங்கள், வெந்ததும் இரண்டு மடங்காகும். கொழுக்கட்டை மாதிரி அழுத்திப் பிடிக்காமல் இரண்டே சுற்றில் விட்டுவிடக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அகலமான பாத்திரத்தில் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உருண்டைகளைப் போட்டு, தீயைத் தணித்து மூடுங்கள். 35 நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். ஹசிடிய மரபினர் என்ற கண்டிப்பான யூதப் பிரிவினர் பலர் மத்ஸாவை நனைத்துச் செய்யும் எதையும் பஸ்காவில் உண்பதில்லை, அப்படி யாராவது வந்தால் வெறும் சூப்பை ஊற்றுங்கள்.

சைவ சூப்புக்கு வெங்காயத்தைத் தோலோடு பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கருக வதக்கிக்கொள்ளுங்கள். நிறம் அதில்தான் வரும். கேரட், செலரி, பூண்டு, மிளகு, பார்ஸ்லி காம்பு, 10 கப் தண்ணீர், ஒரு மணி நேரம் இளந்தீ. பருப்புத் தண்ணீர் சேர்க்க ஆசை வரும், அது கிட்னியோத். உங்கள் கிண்ணத்தில் உருண்டைக்குப் பதில் வெந்த உருளைக்கிழங்கைப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டை இல்லாத மத்ஸா உருண்டை என்று பலர் எழுதுகிறார்கள். சூப்பில் கரைந்து கூழாகும், இந்த விருந்தில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

நம் பதார்த்தம் என்றால் பீட்ரூட் பொரியலைத்தான் சொல்வேன். எண்ணெயில் இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, துருவிய பீட்ரூட்டைப் போட்டு மூடி வேகவைத்து, கடைசியில் தேங்காய்த் துருவல். தாளிப்பு இல்லாத குறை இஞ்சியில் மறைந்துவிடும். பீட்ரூட்டுக்கு அந்த மேஜையில் பழைய உரிமையும் இருக்கிறது. ஸேடரில் வைக்க வேண்டிய இரண்டு சமைத்த பதார்த்தங்கள் எவை என்ற பேச்சு தால்முத் என்ற பழைய யூதச் சட்ட நூலில் வருகிறது. அங்கே ராவ் ஹுனா என்ற அறிஞர் சொல்லும் விடை பீட்ரூட்டும் அரிசியும். இதை வைத்துத்தான் இன்று சைவ யூதர்கள் ஸேடர் தட்டில் ஆட்டு எலும்புக்குப் பதிலாகச் சுட்ட பீட்ரூட் வைக்கிறார்கள். சம்பந்தி மாமாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு அரை மணி நேரம் ஓடும்.

சமையலைச் சூரியன் மறைவதற்குள் முடித்துவிடுங்கள். கண்டிப்பான வீட்டில் பண்டிகை தொடங்கிய பிறகு புதிதாக அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள். இருட்டிய பிறகு ஸேடர் ஆரம்பித்து, எகிப்திலிருந்து விடுதலை பெற்ற கதையை வாசித்து முடித்தால்தான் சூப் வரும். அதற்கே ஒரு மணி நேரம், சில வீடுகளில் இரண்டு. குழந்தைகளுக்கு மாலை ஐந்து மணிக்கு ஏதாவது ஊட்டிவிடுங்கள். நீங்கள் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் என்றால் நீங்களும் சாப்பிட்டுவிடுங்கள். அந்த இரவின் நான்கு கேள்விகளை வீட்டின் கடைக்குட்டிதான் எழுந்து பாட வேண்டும், அதாவது உங்கள் பேரன். உருண்டை வேகும் 35 நிமிடத்தில் பாடிப் பழகட்டும். ஒளித்து வைக்கும் மத்ஸாத் துண்டைத் தேடுவதும் குழந்தைகள் வேலை. எங்கே இருக்கிறது என்று ஜாடை காட்டாதீர்கள், கண்டுபிடித்தால் பரிசு உண்டு.

இஸ்ரேலுக்கு வெளியே பஸ்கா 8 நாள், மத்ஸா நிறைய மிஞ்சும். காலையில் அதை ஒடித்துத் தண்ணீரில் ஒரு நிமிடம் நனைத்துப் பிழிந்து, அடித்த முட்டையில் பிரட்டி வாணலியில் வதக்கினால் மத்ஸா ப்ரை. அந்த வேளையில் இறைச்சி இல்லையென்றால் தாராளமாக வெண்ணெயிலேயே வதக்கலாம். பேரன் சர்க்கரை தூவிக் கேட்பான், பேத்தி மிளகு கேட்பாள், இரண்டும் உண்டு.