பதிவேட்டில் எழுதும் எண்களுக்குப் பொருள் என்ன? வேலையிலிருந்தே படிக்கத் தொடங்குவது எப்படி?

கேள்வி: திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் 12 ஆண்டுகளாக ஷிப்ட் ஆபரேட்டராக வேலை பார்க்கிறேன். வயது 43. பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவன். பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை என்று தினமும் பதிவேட்டில் எழுதும் எண்களுக்குப் பொருள் தெரியாமலே இத்தனை ஆண்டுகள் ஓட்டிவிட்டது இப்போது உறுத்துகிறது. யூடியூபில் சில பாடத் தொடர்களைத் தொடங்கினேன். எதையும் முடிக்கவில்லை, பார்த்ததும் மனத்தில் நிற்கவில்லை. இந்த வயதில் தனியாகப் படித்துத் தேற முடியுமா? அல்லது ஏதாவது பட்டப் படிப்பில் சேர வேண்டுமா?

பதில்: தேற முடியும். பட்டப் படிப்பைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அது முதலில் முடிவு செய்ய வேண்டிய விஷயம் அல்ல.

தொடர்கள் பாதியில் நின்றதற்கு உங்கள் வயதையோ மன உறுதியையோ குறை சொல்ல வேண்டியதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பாலானவை, பிளஸ் டூவில் வேதியியல் படித்துவிட்டுப் பொறியியல் கல்லூரிக்கு வந்த மாணவர், பருவத் தேர்வை மனத்தில் வைத்துக் கேட்பதற்காக அமைந்தவை. அந்த அடிப்படையும் உங்களுக்கு இல்லை, அந்தத் தேர்வும் உங்கள் முன் இல்லை. எனவே இரண்டாம் மூன்றாம் பாடத்திலேயே பிடி விட்டுப்போவதில் வியப்பில்லை. ஆனால் அந்த மாணவருக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. நீங்கள் போடும் கணக்கு சரியா தவறா என்பதை, ஒவ்வொரு ஷிப்டிலும் உங்கள் கண்ணெதிரே ஓடும் ஆலையே சொல்லிவிடும். உங்கள் படிப்பை இதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. பாடத்திட்டத்தை முதலிலிருந்து பின்தொடராதீர்கள். பதிவேட்டிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு விடை காணத் தேவையானதை மட்டும் படியுங்கள்.

முதல் கேள்வியை நானே தருகிறேன்: உள்ளே வந்த உப்பு எங்கே போயிற்று? பருத்தி இழையும் அதற்குப் போடும் ரியாக்டிவ் வகைச் சாயமும் நீரில் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கும் அவற்றை நெருங்கச் செய்யவே பட்டறைக்காரர்கள் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்பு துணியில் தங்குவதில்லை, அப்படியே உங்களிடம் வந்துசேர்கிறது. ஒரு ஷிப்டில் ஆர்.ஓ.வுக்குள், அதாவது நீரைச் சவ்வின் வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் அமைப்புக்குள், 1,00,000 லிட்டர் நீர் போகிறது, அதன் டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்பு முதலிய திடப்பொருள்களின் அளவு) லிட்டருக்கு 6,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 6 கிராம் வீதம் உள்ளே போன உப்பு 600 கிலோ. 80,000 லிட்டர் நல்ல நீராக, 200 மில்லிகிராம் டி.டி.எஸ்.ஸுடன் வெளிவந்தால் அதில் போனது வெறும் 16 கிலோ. மீதி 584 கிலோவும் ரிஜெக்டாக, அதாவது சவ்வைத் தாண்டாத உப்புநீராக, வரும் 20,000 லிட்டரில்தான் இருந்தாக வேண்டும், அங்கே டி.டி.எஸ். 29,200 அளவில் காட்ட வேண்டும். வணிகவியல் படித்த உங்களுக்கு இது பற்று வரவுக் கணக்குதான். ரூபாய்க்குப் பதில் கிலோ, அவ்வளவே.

இதையே உங்கள் பதிவேட்டின் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துவராது, படிப்பு தொடங்குவது அங்கேதான். கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. அது நீரின் மின்கடத்து திறனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி எண்ணைக் காட்டுகிறது. அந்தக் காரணி உப்பின் வகையைப் பொறுத்துச் சுமார் 0.5 முதல் 0.7 வரை மாறும்; சாதாரண உப்புக்கு ஒன்று, சோடியம் சல்பேட்டுக்கு வேறொன்று. செறிவு மிகுந்த ரிஜெக்டில், உப்பு கூடும் அதே விகிதத்தில் மின்கடத்து திறன் கூடுவதும் இல்லை. இவை போக, ஃப்ளோ மீட்டர் பிழை காட்டலாம், இரண்டு மாதிரிகளும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். இந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போனால் அயனி, செறிவு, மின்கடத்தல் என்ற மூன்று பாடங்களையும், அவை பாடம் என்ற நினைப்பே இல்லாமல் கடந்திருப்பீர்கள். ஒரு மாதம் இந்த ஒரே கேள்வியில் கழிந்தாலும் நட்டமில்லை.

அடுத்த கேள்வி பி.எச். பற்றியதாக இருக்கட்டும். நீர் எவ்வளவு அமிலமானது அல்லது காரமானது என்பதைக் காட்டும் எண் அது. 10 என்ற எண்ணுக்கும் 8 என்ற எண்ணுக்கும் இடையே உள்ளது இரண்டு படி வேறுபாடு அல்ல, 100 மடங்கு வேறுபாடு. ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. படிகாரம் சேர்த்தால் பி.எச். ஏன் இறங்குகிறது, அதே அளவு படிகாரம் ஒருநாள் அழுக்கை நன்றாகத் திரள வைத்து மறுநாள் கலங்கலாகவே விடுவது ஏன் என்பதெல்லாம் இதிலிருந்து கிளைக்கும். உங்கள் லேப் கெமிஸ்ட் ஜார் டெஸ்ட் (பீக்கர்களில் வெவ்வேறு அளவு மருந்தைச் சேர்த்து எது நன்றாகத் தெளிகிறது என்று பார்க்கும் சோதனை) செய்யும்போது பக்கத்தில் நிற்க அனுமதி கேளுங்கள். ஆறு பீக்கர்களில் எது முதலில் தெளியும் என்று சோதனை தொடங்குமுன் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டு, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறினால் ஏன் என்று அவரிடமே கேட்கலாம். ஆனால் புதிதாகக் கற்றதை நம்பி மருந்தின் அளவை நீங்களாக மாற்றிவிடக் கூடாது. அது அவர் பொறுப்பு, தவறினால் ஆர்.ஓ. சவ்வு கெட்டுப்போகும்.

எழுதி வைத்துவிட்டுப் பிறகு பார்ப்பதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பார்த்தது மனத்தில் நிற்கவில்லை என்கிறீர்கள். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 மட்டுமே. காணொளியைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் தோன்றுவது அந்த ஐந்து நிமிடக் கணக்கு. ஆகவே பத்து நிமிடம் பார்த்தால் நிறுத்திவிட்டு, ஒரு வெற்றுத் தாளில் உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து, பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள். கடினமாகத்தான் இருக்கும். அந்தக் கடினத்தைக் குறைக்க முயல வேண்டாம்.

எதைப் படிப்பது என்பதற்கு என் விடை சற்று ஏமாற்றமாக இருக்கலாம்: தமிழ்நாடு அரசின் 11, 12-ஆம் வகுப்பு வேதியியல் பாடநூல்கள், தமிழ் வழியில். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தேவையில்லை. 11-ஆம் வகுப்பு நூலில் மோல் கணக்கீடுகள் உள்ள முதல் பாடம், ஹைட்ரஜன் பாடத்தில் வரும் நீரின் கடினத்தன்மை, சுற்றுச்சூழல் வேதியியல். 12-ஆம் வகுப்பில் அயனிச் சமநிலை, புறப்பரப்பு வேதியியல். உங்கள் ஆலையின் பெரும்பகுதி இந்த ஐந்து இடங்களில் அடங்கிவிடும். மகனோ மகளோ அந்த வகுப்பில் இருந்தால் கூச்சப்படாமல் சேர்ந்து படியுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் பயன்படுத்தலாம். ஆனால் விடையைக் கேட்காமல், உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், அது போடும் கணக்கை ஒருமுறை நீங்களும் போட்டுச் சரிபாருங்கள்.

ஷிப்ட் வேலையில் தினமும் ஒரே நேரம் ஒதுக்குவது நடக்காத காரியம். வாரத்தில் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் போதும். இரவு ஷிப்ட் முடிந்த காலையில் படிக்காதீர்கள், தூங்குங்கள். படித்தது நினைவில் பதிவதற்கும் தூக்கம் தேவை.

உங்கள் கடிதத்தில் ‘உறுத்துகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பதவி உயர்வுக்கான ஆசையாக மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிய ஆய்வாளர்களான ரெஸ்னியெவ்ஸ்கியும் டட்டனும், ஒரே வேலையைச் செய்பவர்களில் சிலர் அதை வெறும் சுத்தம் செய்தலாகவும், சிலர் நோயாளி குணமடைவதில் தம் பங்காகவும் கண்டதை 2001-இல் எழுதினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும், நொய்யல் ஆற்றிலும் அதன் மேல் உள்ள ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயக் கழிவு தேங்கியதால் விவசாயிகள் பட்ட பாடும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. அந்த 584 கிலோ ஆற்றுக்குப் போகவில்லை என்று கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்த ஆபரேட்டருக்கு, அதே பதிவேடு வேறு விதமாகத் தெரியும்.

இனி பட்டம். ஆறு மாதம் மேற்சொன்னபடி படித்த பிறகு, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் இணையவழியில் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடம் ஒன்றில் சேர்ந்து பாருங்கள். சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்பினால் மட்டும் 1,000 ரூபாய். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு உள்ள 25 மதிப்பெண்ணில் 10-உம், தேர்வின் 75-இல் 30-உம் பெற்றால் சான்றிதழ் உண்டு. உழைத்ததற்கு ஓர் அளவுகோலாக அது உதவும். பணி அறிவிப்பில் பட்டமோ பட்டயமோ கேட்கும் இடத்தில் அதற்கு ஈடாகாது. அப்படிப்பட்ட பணியில் உங்களுக்குக் கண் இருந்தால், தகுதி விதியை முதலில் படியுங்கள்: பிளஸ் டூவில் வேதியியல் இல்லாதவரைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் பி.எஸ்சி. வேதியியலில் சேர்ப்பதில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மேல்நிலை வேதியியலைத் தனிப் பாடமாக எடுத்து எழுத வழி இருக்கிறது. செய்முறைத் தேர்வு எங்கே நடக்கும், எந்த மொழியில் எழுதலாம், நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகம் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்ற மூன்றையும் பணம் கட்டுமுன் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.