பயத்தங்கொடியில் ‘முதலைக்குட்டி’: அதைக் கொல்லாதீர்கள்

கேள்வி: ஐயா, பர்மாவில் பெகு பக்கத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் தோட்டம். நெல் அறுத்த பிறகு பயத்தங்காய், கத்தரி, புளிச்சகீரை போட்டிருக்கிறேன். பயத்தங்கொடியின் நுனியெல்லாம் கறுப்பு அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) அப்பிக்கொண்டது. கூடவே முதலைக்குட்டி மாதிரி கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு ஒரு பூச்சியும் ஊர்ந்தது. பயந்துபோய் கடையில் கொடுத்த மருந்தை அடித்தேன். புட்டியில் இருந்தது சீன எழுத்து. கலக்கும் அளவு கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான். எல்லாம் செத்தது. பத்தே நாளில் அசுவினி முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. கத்தரியில் நுனி வாடுகிறது, இலை சல்லடையாகிறது. பூச்சியை வைத்தே பூச்சியை அடக்கலாம் என்கிறார்களே, அது நமக்கு ஆகுமா? மாமரத்தில் முசுறு எறும்புக் கூடு வேறு இருக்கிறது. கொளுத்திவிடவா?

பதில்: ஆகும் அம்மா. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. நீங்கள் கொன்ற அந்த ‘முதலைக்குட்டி’தான் உங்கள் தோட்டத்தின் காவல்காரன். அது பொறிவண்டின் புழு. சிவப்பாக, உருண்டையாக, முதுகில் கறுப்புக் கோடும் புள்ளியுமாக இருக்கும் வண்டை எல்லாருக்கும் தெரியும். அதன் பிள்ளை இப்படிப் பயமுறுத்தும் உருவத்தில் இருக்கும் என்பதைத்தான் நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் புழு ஒன்றே கூட்டுப்புழுவாகும் முன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

மருந்து அடித்த பிறகு அசுவினி ஏன் பெருகியது என்று பாருங்கள். அசுவினிக்கு ஆண் துணையே வேண்டாம். பெண் தானாகவே குட்டி போடும். நம் வெயிலில் அந்தக் குட்டி ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். மருந்துக்குத் தப்பி இலை மடிப்பில் ஒளிந்த நாலு அசுவினி போதும், காவல்காரன் திரும்பி வருவதற்குள் கொடியை மூடிவிடும். மறுபடி அடித்தால் மறுபடியும் இதே கதைதான். அதோடு பயத்தங்காயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கிறீர்கள். இன்று அடித்த விஷம் நாளை மறுநாள் ரங்கூன் சந்தையில் யாரோ ஒருவர் கூடையில் இருக்கும், உங்கள் வீட்டுக் குழம்பிலும் இருக்கும். எழுத்துப் படிக்க முடியாத புட்டியைத் தயவுசெய்து இனி வாங்காதீர்கள்.

இப்போது செய்ய வேண்டியது. காலையில் அசுவினி மொய்த்த நுனிகளைத் தண்ணீரை வேகமாகப் பீச்சிக் கழுவுங்கள். கீழே விழுந்தது பெரும்பாலும் திரும்பி ஏறாது. அளவுக்கு மீறி அப்பிய நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கொடியில் எறும்புச் சாரை இருக்கிறதா என்று பாருங்கள், அனேகமாக இருக்கும். அசுவினி கழிக்கும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பு அதைப் பசுமாடு போல் காத்து, பொறிவண்டை விரட்டும். கொடியின் அடியைச் சுற்றி அடுப்புச் சாம்பலைத் தூவி, நனைந்தால் மறுபடி தூவிக்கொண்டிருங்கள்.

காவல்காரனைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வேலியோரம் எருக்கஞ்செடி இருந்தால் அதன் நுனியைப் பாருங்கள். மஞ்சள் அசுவினி அப்பியிருக்கும், பக்கத்திலேயே பொறிவண்டும் இருக்கும். எருக்கின் அசுவினி பயத்தங்கொடிக்கு வராது, ஆனால் வண்டு வரும். வண்டையும் புழுவையும் விடிகாலையில், அவை சோம்பிக் கிடக்கும்போது, ஒரு டப்பாவில் சேர்த்து உங்கள் கொடியில் விடுங்கள். பயத்தங்கொடி இலைக்கு அடியில் மஞ்சள் முட்டைகள் கூட்டமாக நிமிர்ந்து நின்றால் அது பொறிவண்டு முட்டை, தொடாதீர்கள். முடி போன்ற காம்பின் நுனியில் ஒற்றை முட்டை நின்றால் அது கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. அசுவினிக் கூட்டத்துக்குள் கால் இல்லாத பச்சைப் புழு நெளிந்தால் அது பூவில் அந்தரத்தில் நிற்கும் ஈயின் பிள்ளை. சில அசுவினிகள் பழுப்பாக உப்பி, முதுகில் ஓட்டையோடு காய்ந்து கிடந்தால் சின்னக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று அர்த்தம். இவர்கள் எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள்.

வளர்ந்த ஈக்கும் குளவிக்கும் தேன் வேண்டும். கொத்தமல்லியை முழுவதும் பிடுங்காமல் ஒரு பாத்தியைப் பூக்க விடுங்கள். குட்டி வாய்க்கு எட்டும் பூ அது. கடுகும் விடலாம்.

அசுவினி அப்படியும் அடங்காத இடத்துக்கு மட்டும் வேப்பங்கொட்டைச் சாறு அடிக்கலாம். பர்மியர் தமா என்று சொல்வது நம் வேம்புதான். ஒரு வீசைப் பருப்பை (1.6 கிலோ) இடித்து, இரவு ஊறவைத்து வடிகட்டினால் 32 லிட்டருக்கு வரும், 16 லிட்டர் டாங்கில் இரண்டு. கொஞ்சம் சோப்புக் கரைத்து, சாயங்காலம், அந்தத் திட்டுகளில் மட்டும். இதுவும் மேலே பட்டால் நல்ல பூச்சியின் குஞ்சைத் தொந்தரவு செய்யும், அதனால் தோட்டம் முழுக்க வேண்டாம்.

கத்தரிக்கு வருகிறேன். இலையைச் சல்லடையாக்குவதும் பொறிவண்டுதான், ஆனால் வேறு சாதி. பளபளப்பு இல்லாமல் மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு, நிறையப் புள்ளியோடு இருக்கும். இதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளாக இருக்கும். எபிலாக்னா என்பார்கள். பொறிவண்டு எல்லாம் நல்லது என்று விட்டுவிடாதீர்கள், இதைக் கையால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

நுனி வாடுவது தண்டுத்துளைப்பான். புழு தண்டுக்குள் இருக்கும், மேலே அடிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. வாரம் ஒருமுறை வாடிய நுனியை வாட்டத்துக்கு ஒரு அங்குலம் கீழே நறுக்கி, துளை விழுந்த காயோடு சேர்த்து எடுங்கள். எரிக்கலாம். எனக்குப் பிடித்த வழி வேறு: ஒரு வாளியில் போட்டு, வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டி, தோட்டத்துக்குத் தள்ளி நிழலில் மூன்று வாரம் வையுங்கள். அந்துப்பூச்சி வெளியே வர முடியாமல் உள்ளேயே சாகும். புழுவைத் தின்று வளர்ந்த குளவியோ மெலிந்தது, வலைக்கண் வழியே வெளியேறித் தோட்டத்துக்கே திரும்பும். ரியூனியன் தீவில் சலாசி மலைப்பகுதியில் சௌசௌ பயிரிடுகிறவர்கள் பழ ஈ முட்டையிட்ட காய்களைக் கூடாரம் போன்ற வலைக்குள் போட்டு இதே வேலையைச் செய்கிறார்கள்.

கடைசியாக முசுறு. கொளுத்தாதீர்கள் அம்மா. ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்னாலேயே சீனாவில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் முசுறு கூட்டைச் சந்தையில் காசு கொடுத்து வாங்கி மரத்தில் கட்டினார்கள். மாங்காயில் முட்டையிட வரும் பழ ஈயை அது உட்கார விடாது. கிளையில் மாவுப்பூச்சியையும் சேர்த்து வளர்க்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடலாம். மரத்தில் ஏறிக் காய் பறிக்கிறவரை கைகாலில் சாம்பலைப் பூசிக்கொண்டு, வெயில் ஏறும் முன் ஏறச் சொல்லுங்கள்.