பசுவின் கண்ணில் வளரும் வெள்ளைச் சதை

கேள்வி: கோத்தகிரி பக்கம் மாடு வளர்க்கிறேன். ஏழு வயது எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினப் பசுவுக்கு, கருவிழி ஓரத்தில் வெள்ளையாகச் சதை வளர்கிறது. கண்ணில் நீர் வடிகிறது. இரண்டு மாதமாகச் சொட்டு மருந்து விட்டும் குறையவில்லை. அதே கொட்டகையில் நிற்கும் ஜெர்சிக்கு ஒன்றுமில்லை. என்ன காரணம்?

பதில்: சாதாரணக் கண்வலியாக இருந்தால் பெரும்பாலும் சில வாரத்தில் ஆறிவிடும், மற்ற மாடுகளுக்கும் பரவும். ஒரே மாட்டுக்கு ஒரே இடத்தில் இத்தனை நாள் வளர்வதால் கண் புற்றாக இருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. சதையில் துளி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினால்தான் உறுதியாகும்.

இமையைச் சுற்றி உங்கள் பசுவின் தோல் வெளிறி, இளஞ்சிவப்பாக இருக்கிறதா பாருங்கள். இந்தப் புற்றைத் தூண்டுவது வெயிலின் புற ஊதாக் கதிர்; தோலில் உள்ள கருமைதான் அதைத் தடுக்கும் குடை. ஜெர்சிக்குப் பொதுவாக இமை கருப்பு. வெள்ளை முகமுள்ள எச்.எஃப். மாட்டுக்கு அந்தக் குடை இல்லை. வெளிநாட்டில் வெள்ளை முகமுள்ள ஹெர்ஃபோர்டு மாட்டினத்துக்குக் கண் புற்று அதிகம் வருவதும் இதனால்தான். மலையில் குளிராக இருந்தாலும், உயரம் 1,000 மீட்டர் கூடக்கூட இந்தக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடும். வருடக்கணக்கில் பட்டுச் சேர்வதால் இளங்கன்றுக்கு அரிது, ஐந்து வயதுக்கு மேல்தான் அதிகம்.

தலையை ஒருவர் பிடித்துக்கொள்ள, மேல் இமையின் மேல் விரலை வைத்து விழியை மெல்ல உள்ளே அழுத்துங்கள். மூக்குப் பக்கமிருந்து மூன்றாம் இமை வெளியே வரும். அதன் விளிம்பிலும், விழியின் வெள்ளையும் கருப்பும் சேரும் இடத்திலும் அரை அரிசி அளவு வெண்படலம், சொரசொரப்பு, பூப்போன்ற சதை இருந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிய படலம் சில சமயம் தானே மறையும்தான், ஆனால் உங்களுடையது வளர்கிறது, காத்திருக்காதீர்கள். சின்னதாக இருக்கும்போது மரத்துப்போக ஊசி போட்டு வெட்டி எடுத்துவிடலாம், அல்லது உறைய வைத்து அழிக்கலாம். விட்டால் கண்ணையே எடுக்க நேரும். காதுக்குக் கீழே நெறி கட்டியிருந்தால் பரவியிருக்கலாம், அதையும் தடவிப் பாருங்கள்.

உப்பை மென்று கண்ணில் துப்புவது, சுண்ணாம்பு வைப்பது வேண்டவே வேண்டாம். பாவம், வாயில்லா ஜீவன். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு சொட்டும் விடாதீர்கள். புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்கும்.

சரி, மற்ற மாடுகளுக்கு? பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை நிழலில் கட்டுங்கள். காலையிலும் மாலையிலும் மேய்க்கலாம். அடுத்த சினை ஊசிக்கு, கண்ணைச் சுற்றிக் கருப்புள்ள காளையின் விந்து கிடைக்குமா என்று கேளுங்கள். இந்தப் பசுவின் கிடாரிக்கும் இமை வெளிறியிருந்தால், மாதம் ஒருமுறை அதன் கண்ணையும் இப்படியே பாருங்கள்.